திருவொற்றியூர் வாட்டர் வாஷ் கடைக்கு மாற்றுப் பம்ப் தேடியது: ஒரு நிகழ்வு ஆய்வு

என் மச்சான் திருவொற்றியூரில், மணலி போகிற பக்கம், சின்னதாக ஒரு வாட்டர் வாஷ் கடை வைத்திருக்கிறான். ஒரு ராம்ப், ஒரு தகர ஷெட், ஒரு பிரஷர் பம்ப், மூன்று பையன்கள், அவ்வளவுதான் கடை. எண்ணூர் விரைவுச் சாலையில் கடலை ஒட்டி ஓடிவரும் கார்களில் உப்பு படிந்திருக்கும், அனல் மின் நிலையப் பக்கமிருந்து வரும் டெம்போக்களில் சாம்பல் ஒட்டியிருக்கும், துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகள் கிளப்பும் தூசி எல்லா வண்டிகள் மேலேயும் இருக்கும். அதனால் வேலைக்குப் பஞ்சமில்லை. பம்ப் நின்றால் மட்டும் எல்லாம் நின்றுவிடும்.

போன வருடம் ஒரு சனிக்கிழமை இரவு போன் செய்தான். "மாமா, பம்ப் போயிடுச்சு. அஞ்சு மாசத்துல ரெண்டு தடவை சீல் கிட் மாத்தியாச்சு, இப்ப மறுபடியும் பிரஷர் இல்ல. திங்கட்கிழமை பாரிஸ் கார்னர் போயி புதுசு வாங்கிடலாம்னு இருக்கேன், கூட வர்றீங்களா?"

நான் ஒரு தொழிற்சாலையின் பராமரிப்புப் பிரிவில் பதினான்கு வருடம் பம்ப் பார்த்தவன். வருகிறேன், ஆனால் அதற்கு முன்னால் ஞாயிற்றுக்கிழமை கடையில் ஒரு அரை நாள் கொடு என்றேன். ஐந்து மாதத்தில் இரண்டு சீல் கிட் (தண்ணீர் கசியாமல் அடைக்கும் வளையங்கள்) தின்ற இடத்தில் புதுப் பம்பை அப்படியே மாட்டினால் அதுவும் அதே ஐந்து மாதத்தில் படுத்துவிடும். பழைய பம்ப் எதனால் செத்தது என்று தெரியாமல் அடுத்ததை வாங்குவதில் எனக்கு உடன்பாடில்லை.

ஞாயிறு காலை பார்த்தது

பழைய பம்ப் மூன்று பிளஞ்சர் வகை, அதாவது மூன்று தண்டுகள் முன்னும் பின்னும் போய்த் தண்ணீரைத் தள்ளுவது. பித்தளைத் தலை, பீங்கான் பிளஞ்சர், உள்ளே கிராங்க், கிராங்குக்கு ஆயில். 3 எச்.பி. மூன்று ஃபேஸ் மோட்டாரோடு ஸ்டார் கப்ளிங்கில் நேரடியாக மாட்டியது. தகட்டில் 1450 ஆர்.பி.எம். (நிமிடத்துக்கு 1450 சுற்று), நிமிடத்துக்கு 11 லிட்டர், 100 பார் அழுத்தம் என்று இருந்தது. மோட்டார் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயல் வெள்ளத்தில் மூழ்கி, காயில் கட்டிக்கொண்டு வந்தது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் ஒரு முடிவுக்குக் காரணமாக வரும்.

முதலில் எடுத்தது 20 லிட்டர் பெயின்ட் பக்கெட். தண்ணீர் பீய்ச்சும் கன்னை அதற்குள் பிடித்து, போனில் நேரம் பார்த்தோம். நிரம்ப 2 நிமிடம் 35 நொடி. அதாவது நிமிடத்துக்கு 7.7 லிட்டர். 11 வரவேண்டிய இடத்தில் மூன்று லிட்டருக்கு மேல் காணவில்லை. கேஜ் 30 பாருக்குக் கீழே நின்றது.

இங்கே ஒரு விஷயம் எனக்கு உதைத்தது. பம்பின் தண்ணீர் மூன்றில் ஒரு பங்கு குறைந்ததற்கு அழுத்தம் இவ்வளவு கீழே விழக்கூடாது. கன் முனையில் இருக்கும் நாசிலைக் கழற்றிப் பார்த்தேன். 065 என்று இருந்தது. முன்பு இருந்தது 05. கேட்டால் கடைப் பையன் சொன்னான்: "அது அடைச்சுக்கிட்டே இருந்துச்சுண்ணா, கடைக்காரர் இது போடு, தண்ணி நல்லா வரும்னாரு." அவன் மேல் தப்பில்லை, தண்ணீர் நன்றாக வருவது போலத்தான் தெரியும். ஆனால் அழுத்தத்தைத் தீர்மானிப்பது அந்த ஓட்டைதான். பம்ப் தண்ணீரைத் தள்ளுகிறது, ஓட்டை அதற்குத் தடை கொடுக்கிறது, தடையால்தான் அழுத்தம் பிறக்கிறது. நாசில் மேல் இருக்கும் எண்ணுக்கு ஒரு பொருள் உண்டு. 05 என்றால் 4000 பி.எஸ்.ஐ., அதாவது 276 பார் அழுத்தத்தில் நிமிடத்துக்கு 5 அமெரிக்க காலன் போகும் என்று கணக்கு. அதை நம் ஊர் 100 பாருக்கு மாற்றினால் 05 நாசிலில் 11.4 லிட்டர் போகும், 065 நாசிலில் 14.8 லிட்டர் போகும். தண்ணீரின் அளவு அழுத்தத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்து ஏறும் என்பதால், நல்ல நிலையில் இருக்கும் பம்பிலேயே 065 போட்டால் 50 பார் பக்கம்தான் நிற்கும். ஆக, காணாமல் போன 70 பாரில் பெரும் பங்கு, ஒரு விரல் நுனி அளவுள்ள பித்தளைத் துண்டை மாற்றியதால் போனது. மீதிதான் பம்பின் குறை.

அந்த மீதி எங்கே போகிறது? கன்னை விட்டதும் தண்ணீரைப் பைபாஸ் குழாய்க்குத் திருப்பிவிடும் அன்லோடர் வால்வு கசிந்தாலும் இதே மாதிரிதான் தெரியும். கன்னை அழுத்திப் பிடித்திருக்கும்போதே பைபாஸ் வழியாகத் தண்ணீர் திரும்பிப் போய்விடும், நாம் பம்பைத் திட்டிக்கொண்டிருப்போம். இவன் கடையில் பைபாஸ் குழாயைப் பம்பின் உறிஞ்சும் பக்கத்திலேயே திருப்பி மாட்டியிருந்தார்கள். அதைக் கழற்றி ஒரு பக்கெட்டுக்குள் விட்டு, கன்னைத் திறந்து பார்த்தோம். சொட்டுச் சொட்டாகத்தான் வந்தது. அன்லோடர் நல்லவன். குறை பம்புக்குள்தான்.

தலையைக் கழற்றினோம். ஒரு பீங்கான் பிளஞ்சரில் நீளவாக்கில் விரிசல். மற்ற இரண்டிலும் மணல் இழுத்த கோடுகள். உள்ளே வரும் வால்வுகள் உட்காரும் இடத்தில் பித்தளை அம்மைத் தழும்பு மாதிரி குழி குழியாக இருந்தது, சில இடத்தில் மஞ்சள் போய்ச் செம்பு நிறம். ஆயில் பால் கலந்த டீ போல. தண்ணீர் கிராங்குக்குள் இறங்கி பேரிங்கும் சத்தம் போட ஆரம்பித்துவிட்டது. மூன்று பிளஞ்சர், சீல் கிட், வால்வு கிட், பேரிங், லேத் கூலி எல்லாம் கூட்டினால் புதுப் பம்ப் விலையில் முக்கால் பங்கு ஆகிவிடும், அதற்கப்புறமும் குழி விழுந்த அந்தத் தலைதான் இருக்கும். சரி, மாற்ற வேண்டியதுதான் என்று முடிவானது. இதுவரை மச்சான் சொன்னது சரி.

ஆனால் அந்த நான்கு தடயங்களும் நான்கு வெவ்வேறு கதை சொல்கின்றன. இதைப் பொறுமையாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பம்ப் மாற்றுபவர்கள் பெரும்பாலும் தாண்டிப் போவது இந்த இடத்தைத்தான்.

விரிசல் விட்ட பிளஞ்சர் சூட்டால் விட்டது. பீங்கான் தேய்மானத்தைத் தாங்கும், உப்பைத் தாங்கும், ஆனால் சூடேறி இருக்கும்போது திடீரென்று குளிர்ந்த தண்ணீர் பட்டால் தாங்காது. சூடு எங்கிருந்து? பையன்கள் காருக்கு ஃபோம் அடித்துவிட்டு, துணியால் தேய்க்கும் ஐந்தாறு நிமிடமும் மோட்டாரை ஓடவிட்டு, கன்னை மட்டும் விட்டுவிடுகிறார்கள். அப்போது தண்ணீர் பைபாஸ் வழியாகப் பம்புக்கே திரும்புகிறது, அதே அரை லிட்டர், ஒரு லிட்டர் தண்ணீர் திரும்பத் திரும்பச் சுற்றுகிறது. மோட்டாரின் சக்தி அந்தத் தண்ணீருக்குள் சூடாகத்தான் இறங்க முடியும். நான் கையில் பிடித்துப் பார்த்தேன், மூன்றாவது நிமிடம் பைபாஸ் குழாயில் கை வைக்க முடியவில்லை. அப்புறம் கன்னை அழுத்தினால் குளிர்ந்த தண்ணீர் குபீரென்று உள்ளே வருகிறது. ஒரு நாளைக்கு முப்பது முறை இது நடக்கிறது. சீல்களும் இந்தச் சூட்டில்தான் இறுகி, வெடித்து, தண்ணீரை ஆயிலுக்குள் விட்டன.

வால்வு பக்கத்துக் குழிகள் உறிஞ்சும் பக்கத்துத் திணறலால் வந்தவை. பம்ப் தரையில், தண்ணீர் தரைக்குக் கீழே சம்ப்பில். இரண்டு மீட்டர் ஆழத்திலிருந்து அரை இன்ச் ஹோஸில், ஆறு மீட்டர் நீளம், அடியில் தண்ணீர் திரும்ப இறங்காமல் தடுக்கும் ஒரு ஃபுட் வால்வு. 11 லிட்டர் தண்ணீர் அரை இன்ச் குழாயில் நொடிக்குச் சுமார் 1.4 மீட்டர் வேகத்தில் ஓட வேண்டும். ஒரு இன்ச் குழாயாக இருந்தால் பரப்பு நான்கு மடங்கு, வேகம் 0.36 மீட்டர்தான். அந்த உராய்வு, இரண்டு மீட்டர் ஏற்றம், பாதி அடைத்த ஃபுட் வால்வு எல்லாம் சேர்ந்து பம்புக்குத் தண்ணீர் போதாமல் போகிறது. போதாத இடத்தில் நீராவிக் குமிழிகள் உண்டாகி, அழுத்தப் பக்கம் வந்ததும் பட் பட்டென்று உடைகின்றன. பம்புக்குள் கூழாங்கல் போட்டுக் குலுக்கும் சத்தம் கேட்குமே, அது இதுதான். கன் கையில் துடிப்பதும் இதனால்தான். இந்த வகைப் பம்ப் அழுத்தித் தள்ளுவதற்காகச் செய்தது, கிணற்றிலிருந்து இழுப்பதற்காக அல்ல. தண்ணீர் மேலிருந்து தானாக வந்து விழ வேண்டும்.

செம்பு நிறம் உப்பினால். போர் தண்ணீரில், கரைந்திருக்கும் உப்புகளை அளக்கும் டி.டி.எஸ். பேனாவை விட்டேன், 2600 பி.பி.எம். காட்டியது. குடிநீருக்கான இந்தியத் தர நிர்ணயம் 500 வரை நல்லது, வேறு வழியில்லையென்றால் 2000 வரை என்கிறது. இங்கே அதையும் தாண்டிவிட்டது. உப்பில் இருக்கும் குளோரைடு பித்தளையிலிருந்து துத்தநாகத்தைக் கரைத்துக்கொண்டு போய்விடும், மிஞ்சுவது பஞ்சு மாதிரி வலுவில்லாத செம்பு. வடசென்னைக்காரர்களுக்கு உப்புத் தண்ணீரைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. மீஞ்சூர் வரை நிலத்தடி நீரில் கடல் ஏறியது பழைய விஷயம். அந்தப் பக்கத்துக் காட்டுப்பள்ளியில்தான் 2010-ல் கடல்நீரிலிருந்து நாளுக்கு 10 கோடி லிட்டர் குடிநீர் எடுக்கும் ஆலையைத் திறந்தார்கள். குழாய்த் தண்ணீரைக் காருக்கு ஊற்ற மனசு வராது, அதனால் போர் தண்ணீரை வைத்துத்தான் சமாளிக்க வேண்டும்.

மணல் கோடுகள், வடிகட்டி இல்லாததால். அது வெளிப்படை.

மின்சாரத்தையும் பார்த்தேன். மாலை ஏழு மணிக்கு மூன்று ஃபேஸிலும் 395 வோல்ட்டுக்கு மேலேயே இருந்தது. அதில் குறையில்லை.

கடையில் சொன்னதும் கணக்கு சொன்னதும்

திங்கட்கிழமை, பாரிஸ் கார்னர் பக்கம் லிங்கி செட்டித் தெரு. பம்ப், மோட்டார், குழாய் என்று அந்தத் தெருவும் சுற்றுத் தெருக்களும் சென்னைக்கே தெரிந்தவை. முதல் கடையில் பெட்டியை எடுத்து வைத்தார்கள். "சார், 200 பார், 15 லிட்டர். பழசை விட டபுள் பிரஷர். உங்க 3 எச்.பி. மோட்டார்லயே ஓடும்." விலையும் பழையதை விட அதிகமில்லை. மச்சான் முகம் மலர்ந்துவிட்டது. நான் அவனைக் கொஞ்சம் வெளியே அழைத்துக்கொண்டு போய், போனில் கால்குலேட்டரைத் திறந்தேன்.

பாரை லிட்டரால் பெருக்கி 600-ஆல் வகுத்தால் தண்ணீருக்குத் தேவையான கிலோவாட் வந்துவிடும். பம்பின் இழப்புக்காக அதை 0.85-ஆல் வகுத்தால் மோட்டார் எவ்வளவு தர வேண்டும் என்று தெரிந்துவிடும். 200 பெருக்கல் 15, வகுத்தல் 600, சரியாக 5 கிலோவாட். 0.85-ஆல் வகுத்தால் 5.9. அதாவது 8 எச்.பி. அவனிடம் இருப்பது 3 எச்.பி., அதாவது 2.2 கிலோவாட் மோட்டார், அதுவும் வெள்ளத்தில் நனைந்து காயில் கட்டியது. அந்த மோட்டாரால் 15 லிட்டர் தள்ளும் பம்பை 75 பாருக்கு மேல் கொண்டுபோகவே முடியாது. கொண்டுபோக முயன்றால், நம்மிடமிருந்த 05 நாசிலில் 15 லிட்டரைத் திணித்தால் அழுத்தம் 170 பாரைத் தாண்டப் பார்க்கும், முதல் நாளே ஓவர்லோடு ரிலே விழும். ரிலே சரியில்லையென்றால் காயில் போகும். பெட்டியில் 200 என்று இருப்பது பம்பின் உடம்பு எவ்வளவு தாங்கும் என்பதற்கான எண். உங்கள் மோட்டார் எவ்வளவு தரும் என்பது அதில் எழுதியிருக்காது.

மோட்டாரையும் பெரிதாக்கிவிடலாமே என்றான். ஆக்கலாம். 7.5 எச்.பி. மோட்டாருக்கே சட்டகம் மாறும், ஷாஃப்ட் 28 மி.மீட்டரிலிருந்து 38 ஆகும், கப்ளிங் மாறும், பேஸ் மாறும், ஸ்டார்ட்டர் மாறும், மின் வாரியத்தில் லோடு கூட்டச் சொல்லி எழுத வேண்டும். எதற்காக? கார் கழுவ 80, 100 பார் தாராளம். டிங்கரிங் பார்த்துப் புதுப் பெயின்ட் அடித்த பம்பரில் 150 பாரைக் கிட்டத்தில் பிடித்தால் பெயின்ட் உரிந்து வரும். கதவு ரப்பர் வழியாகத் தண்ணீர் உள்ளே போகும். நம் வேலைக்கு அது தேவையே இல்லை.

இரண்டாவது கடையில் 2800 ஆர்.பி.எம்.மில் ஓடும் சின்னப் பம்ப் காட்டினார்கள், சாய்தட்டு சுழன்று பிளஞ்சரைத் தள்ளும் வகை. விலை பாதிகூட இல்லை. வீட்டில் வாரம் ஒருமுறை கார் கழுவுபவருக்கு நல்ல பொருள். நாள் முழுக்க ஓடும் கடைக்கு வேகம் குறைந்த பம்ப்தான் நிற்கும். 1440-ல் ஓடும் சீலும் 2800-ல் ஓடும் சீலும் ஒரே வருடத்தில் தேயும் தேய்மானம் ஒன்றல்ல. நம் மோட்டாரும் 1440-தான், இணையாது.

மூன்றாவதாக, பெல்ட்டில் ஓடும் விவசாய ஸ்ப்ரேயர் வகை, எச்.டி.பி. என்பார்கள். மூலக்கடை, மாதவரம் பக்கம் டூவீலர் கழுவும் கடைகளில் நிறையப் பார்க்கலாம். 30 பார் பக்கம் அழுத்தம், தண்ணீர் இருபது லிட்டருக்கு மேல். உதிரி எங்கும் கிடைக்கும், எந்த மெக்கானிக்கும் திறப்பான். அதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன், பைக்குக்கு அது போதும். ஆனால் மச்சானுக்குத் தண்ணீரே விலை. நாளைக்கு மூன்று மணி நேரம் கன் திறந்திருக்கிறது என்றால் நிமிடத்துக்குப் பத்து லிட்டர் கூடினால் 1800 லிட்டர் கூடுதல், அதுவும் 30 பாரில் டெம்போ அடிப்பாகத்துச் சேறு போகாது.

ஆக, தேவை தெளிவாகிவிட்டது: அதே 11 லிட்டர், அதே 1450, ஆனால் தாங்கும் அளவு 150 பார் உள்ளதை வாங்கி 100-க்குள் ஓட்டுவது. 11 பெருக்கல் 100, வகுத்தல் 600, வகுத்தல் 0.85. 2.16 கிலோவாட். 3 எச்.பி.க்கு அளவெடுத்துத் தைத்த மாதிரி.

இந்த அளவில் ஒரே மாதிரி தோற்றத்தில் ஐந்தாறு பெயர்கள் கடைகளில் இருக்கின்றன. இத்தாலியின் இன்டர்பம்ப், அன்னோவி ரெவர்பெரி, ஹாக் போன்றவை ஒரு பக்கம், அந்தத் தோற்றத்தையே பார்த்துச் செய்தவை இன்னொரு பக்கம். பார்த்துச் செய்தவை எல்லாமே மோசம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் தகட்டை அப்படியே நம்பக்கூடாது. ஒரு கடையில் '1450-ல் 15 லிட்டர்' என்று தகடு போட்ட ஒன்று மலிவாக இருந்தது. அதே மாடல் ஒன்று சர்வீசுக்கு வந்து தலை கழற்றிய நிலையில் அங்கேயே கிடந்தது. கடைக்காரரிடம் கேட்டு வெர்னியர் வாங்கி அளந்தேன். பிளஞ்சர் 18 மி.மீ., ஷாஃப்டைக் கையால் சுற்றினால் பிளஞ்சர் முன்னும் பின்னும் போகும் தூரம் 10 மி.மீ. 18 மி.மீ. வட்டத்தின் பரப்பை 10-ஆல் பெருக்கி, மூன்று பிளஞ்சருக்கு மூன்றால் பெருக்கினால் ஒரு சுற்றுக்கு 7.6 மில்லிலிட்டர். 1450 சுற்றுக்கு 11 லிட்டர். அந்த உடம்பிலிருந்து 15 லிட்டர் வரவே வழியில்லை. கடைக்காரர் கோபப்படவில்லை, "கம்பெனி அடிச்சு அனுப்புறது சார்" என்றார். அவரும் நம்பித்தான் விற்றிருக்கிறார்.

பிறகு பொருத்தம். ஷாஃப்ட் 24 மி.மீ., 8 மி.மீ. கீ. பழையதும் அதேதான், அதனால் கப்ளிங்கின் பாதியைக் கழற்றி மாட்டிவிடலாம். ஷாஃப்ட் எந்தப் பக்கம் வெளியே வருகிறது என்பதையும் பார்க்க வேண்டும். தப்பான பக்கம் வாங்கிவிட்டால் உள்ளே வரும் வாயும் வெளியே போகும் வாயும் சுவரைப் பார்த்து நிற்கும். இதற்காகவே முந்தின நாள் பழைய பம்பை மோட்டாரின் பின்னாலிருந்து படமெடுத்து வைத்திருந்தேன். தலை நிக்கல் பூசிய பித்தளையாக இருந்தால் இந்த உப்புக்குக் கொஞ்சம் மேல். முழுக்க 316 ஸ்டெயின்லெஸ் தலை இன்னும் மேல், ஆனால் அதன் விலைக்கு இந்தக் கடை தாங்காது. 304-ஐ ஸ்டெயின்லெஸ்தானே என்று வாங்க வேண்டாம், குளோரைடில் அதுவும் குழி விழும்.

கடைசியில் இரண்டு பம்ப் மிஞ்சின. இரண்டும் நல்லவை, ஒன்று சுமார் ஐந்தில் ஒரு பங்கு விலை கூட. முடிவைத் தீர்மானித்தது ஒரே கேள்வி. இந்த மாடலுக்குச் சீல் கிட், வால்வு கிட், பிளஞ்சர் மூன்றும் இப்போதே எடுத்து மேஜை மேல் வைக்க முடியுமா? விலை குறைந்ததற்கு "ஆர்டர் போட்டா பத்து நாள்ல வந்துரும்" என்றார்கள். விலை கூடியதற்கு உள்ளே போய் மூன்று பொட்டலத்தைக் கொண்டுவந்து வைத்தார்கள். பத்து நாள் கடை மூடினால் என்ன நஷ்டம் என்று மச்சானே கணக்குப் போட்டுவிட்டான். கூட ஒரு சீல் கிட்டும் ஒரு வால்வு கிட்டும் அன்றே வாங்கினோம்.

பம்புக்கு முன்னால் செய்த வேலை

பம்பை உடனே மாட்டவில்லை. மூன்று நாள் கடையை மூட மச்சானுக்கு மனசே இல்லை, ஆனால் மூடினான்.

1000 லிட்டர் டேங்க் ஒன்றை நான்கடி உயரத்தில் ஆங்கிள் ஸ்டாண்டில், ஷெட்டின் நிழலுக்குள் ஏற்றினோம். மே மாத வெயிலில் மொட்டை மாடி டேங்க் தண்ணீர் கொதிப்பது எல்லோருக்கும் தெரியும். சூடான தண்ணீரில் குமிழி சீக்கிரம் உண்டாகும், சீலுக்கும் ஆகாது, அதனால்தான் நிழல். சம்ப்பிலிருந்து டேங்குக்கு ஏற்ற ஏற்கெனவே கிடந்த அரை எச்.பி. மோட்டார் போதும். டேங்கின் அடியிலிருந்து அல்ல, அரை அடி மேலேயிருந்து ஒரு இன்ச் குழாய் எடுத்தோம், மணல் கீழேயே தங்கட்டும் என்று. ஒரு பால் வால்வு, வலை வைத்த ஒரு ஒய் ஸ்ட்ரெய்னர் வடிகட்டி, அப்புறம் பம்ப். மொத்த நீளம் ஒன்றரை மீட்டர். பைபாஸை டேங்கின் மேல் வாய்க்குள் திருப்பி விட்டோம், இப்போது அந்தச் சூடு 1000 லிட்டரில் கரைந்துவிடும். அதோடு ஒரு வசதி கிடைத்தது. கன்னை அழுத்தியிருக்கும்போது டேங்குக்குள் தண்ணீர் விழும் சத்தம் கேட்டால் அன்லோடர் கசிகிறது என்று அந்த நிமிடமே தெரிந்துவிடும்.

உப்பைக் குறைக்க முடியவில்லை. ஆனால் இரவு கடை மூடும்போது இரண்டு நிமிடம் குழாய்த் தண்ணீரைப் பம்ப் வழியாக ஓட்டிவிட்டு நிறுத்தச் சொன்னேன். இருபது லிட்டர் செலவு. இரவு முழுக்கத் தலைக்குள் நிற்பது உப்புத் தண்ணீராக இருக்கக்கூடாது.

ஈரத்தில் நின்று வேலை பார்க்கும் இடத்தில் சுவிட்ச் போர்டில் மின்கசிவைத் துண்டிக்கும் பிரேக்கர் இல்லாமல் இருந்தது. 30 மில்லி ஆம்பியர் ஒன்று போட்டு, எர்த்தையும் புதிதாக இழுத்தோம். இது பம்ப் தேர்வுக்குச் சம்பந்தமில்லாத செலவு என்றான் மச்சான். மூன்று பையன்கள் வெறுங்காலோடு நிற்கிறார்கள் என்றேன். அதற்கு மேல் அவன் ஒன்றும் சொல்லவில்லை.

மாட்டியபின்

அதே பெயின்ட் பக்கெட். 1 நிமிடம் 54 நொடி. நிமிடத்துக்கு 10.5 லிட்டர். பிளஞ்சர் கணக்கின் 11-க்கும் இதற்கும் உள்ள அரை லிட்டர், வால்வு மூடும் நேரத்தில் நழுவுவது, அது இயல்பு. 05 நாசிலில் கேஜ் 85 பார் காட்டியது, 045 போட்டால் 100-ஐத் தொட்டது. காருக்கும் பைக்குக்கும் 05, டெம்போ அடிப்பாகத்துக்கு மட்டும் 045 என்று பிரித்துக் கொடுத்தோம், 065 என் பாக்கெட்டுக்குப் போனது. மோட்டார் இழுக்கும் மின்சாரம் கிளாம்ப் மீட்டரில் 05-க்கு 4 ஆம்பியர், 045-க்கு நாலரை. மோட்டார் தகட்டில் இருப்பது 4.7. காயில் கட்டிய மோட்டாரை நாள் முழுக்க விளிம்பில் ஓட்ட வேண்டாம் என்பதால்தான் அன்றாட வேலைக்கு 85-லேயே நிறுத்தினேன். கழுவும் தரத்தில் வித்தியாசம் யாருக்கும் தெரியவில்லை. கூழாங்கல் சத்தம் போய்விட்டது. கன் துடிப்பு போய்விட்டது.

எல்லாம் ஒரே நாளில் சரியாகிவிட்டது என்றும் சொல்ல மாட்டேன். ஒன்பதாவது நாள் மறுபடி போன். "மாமா, சத்தம் வருது." போய்ப் பார்த்தால் ஒய் ஸ்ட்ரெய்னரின் வலை முழுக்கச் சிவந்த வண்டல். இவ்வளவும் முன்பு பம்புக்குள் போய்க்கொண்டிருந்தது. அது என் தவறும்தான், இந்தப் போர் எவ்வளவு வண்டல் தள்ளும் என்று முன்கூட்டியே பார்த்திருந்தால் இரண்டு மடங்கு பெரிய வலை போட்டிருப்பேன். இப்போது பெரியது போட்டாயிற்று, காலையில் கடை திறந்ததும் வலையைக் கழுவுவது ஒரு பையனின் வேலை. ஃபோம் தேய்க்கும்போது மோட்டாரை நிறுத்தும் பழக்கத்துக்குப் பையன்கள் அப்போதும் முழுசாக வரவில்லை, அதற்காகக் கன் மாட்டும் கொக்கிக்குப் பக்கத்திலேயே ஒரு நிறுத்தும் பட்டன் வைத்துக் கொடுத்தோம். ஷெட்டின் அந்தக் கோடிக்கு நடக்க வேண்டாம் என்றதும் நிறுத்த ஆரம்பித்தார்கள்.

முதல் ஆயிலை 50 மணி நேரத்தில் மாற்றினோம், புதுப் பம்பில் அது கட்டாயம். நாளுக்குக் கிட்டத்தட்ட இரண்டே முக்கால் மணி நேர ஓட்டம் என்று வைத்து, ஏழாவது மாதம் 500 மணி நேரம் நெருங்கியபோது இரண்டாவது முறை. கீழே இறங்கிய ஆயில் கறுத்திருந்தது, ஆனால் பால் நிறம் இல்லை. தண்ணீர் ஒரு சொட்டுகூட உள்ளே போகவில்லை. பக்கெட் கணக்கு 1 நிமிடம் 56 நொடி. அன்று வாங்கிய சீல் கிட் இன்னும் பிரிக்காமல் மேஜை டிராயரில் இருக்கிறது. வருடம் முடிந்ததும் ஒரு வால்வு மூடியைக் கழற்றி, உள்ளே நிக்கல் பூச்சு அப்படியே இருக்கிறதா, பித்தளை சிவக்க ஆரம்பித்திருக்கிறதா என்று பார்க்கப் போகிறோம். சிவந்திருந்தால் அடுத்து போர் தண்ணீரை என்ன செய்வது என்று யோசிக்க வேண்டும்.